ஏரியின் சாயம் போகுமா?

தி.நகர் துணிக்கடைகளில் ஒரு நாளைக்கு எத்தனை முறை கேட்கப்படுகிறது என்று எண்ணவே முடியாத கேள்வி ஒன்று உண்டு. "தம்பி, இது சாயம் போகுமா?" பதிலும் தயாராக இருக்கும். "போகாதும்மா, தைரியமா எடுத்துக்கோங்க." ஆனால் அம்மாக்கள் அவ்வளவு சுலபத்தில் நம்பிவிடுவதில்லை. வீட்டுக்கு வந்ததும் ஒரு ஓரத்தை நனைத்து, வெள்ளைத் துணியில் ஒற்றிப் பார்த்துவிட்டுத்தான் புடவையை வாளிக்குள் விடுவார்கள்.

பழைய வரைபடங்களைப் பாதுகாக்கும் நிபுணர்கள் செய்வதும் கிட்டத்தட்ட இதேதான். இருநூறு வருடத்து வரைபடம் ஒன்றைச் சுத்தம் செய்வதற்கு முன், வண்ணம் தீட்டிய இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் துளியூண்டு தண்ணீர் வைத்து, மை ஒற்றும் தாளால் ஒற்றிப் பார்க்கிறார்கள். தாளில் நிறம் ஏறினால், அந்த வரைபடத்தின் பக்கமே தண்ணீரைக் கொண்டுபோகக் கூடாது.

புடவைக் கடையையும் வரைபடத்தையும் முடிச்சுப் போடுவது வேடிக்கைக்காக இல்லை. அந்தத் துணிக்கடைகள் நிற்கும் வட்டாரமே ஒரு காலத்தில் வரைபடத்தில் நீல நிறமாக இருந்த இடம்.

நுங்கம்பாக்கத்தில் தொடங்கி சைதாப்பேட்டைப் பக்கம் வரை, மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே, பிறை நிலாவை நீட்டி வைத்தாற்போல ஒரு பெரிய நீர்ப்பரப்பு கிடந்தது. வடக்குப் பகுதி நுங்கம்பாக்கம் ஏரி, தெற்குப் பகுதி மயிலாப்பூர் ஏரி. இரண்டையும் சேர்த்து ஆங்கிலேயர்கள் 'லாங் டேங்க்' என்றார்கள். 1920-ல் சென்னை மாகாணத்துக்கு நகரமைப்புச் சட்டம் வந்தது. 1923 வாக்கில் மாம்பலம் வீட்டுவசதித் திட்டம் தொடங்கியது. ஏரி தூர்க்கப்பட்டு மனைகளானது. புதிய பேட்டைக்கு 1925-ல் மறைந்த சர் பிட்டி தியாகராயரின் பெயர் வைக்கப்பட்டது. நடுவில் அமைந்த பூங்காவுக்கு அப்போதைய முதலமைச்சர் பனகல் ராஜாவின் பெயர். வடக்கே மிச்சமிருந்த ஏரிப்படுகையில்தான் 1976-ல் வள்ளுவர் கோட்டம் திறக்கப்பட்டது.

ஏரி போய்விட்டது. பெயர்கள் மட்டும் நின்றுவிட்டன. மேற்கு மாம்பலத்தில் இன்றைக்கும் லேக் வியூ ரோடு இருக்கிறது. அங்கே நின்று எந்தத் திசையில் பார்த்தாலும் லேக் மட்டும் தெரியாது. நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு இருக்கிறது. அதாவது ஏரிக்கரைச் சாலை. 2015 டிசம்பரிலும் 2021 நவம்பரிலும் இந்தப் பக்கத்துத் தெருக்களில் முழங்கால் அளவு தண்ணீரில் நடந்தவர்களுக்கு அந்தப் பெயர்களின் அர்த்தம் யாரும் சொல்லாமலேயே விளங்கியிருக்கும்.

ஆக, அந்த ஏரி இன்றைக்கு முழு உருவத்தோடு இருப்பது பழைய வரைபடத் தாள்களில் மட்டும்தான். வண்ண அச்சு பரவலாகும் முன்பு வரைபடங்களுக்குக் கையால்தான் வண்ணம் தீட்டினார்கள். ஏரி என்பது, யாரோ ஒருவர் தூரிகையை நனைத்து இழுத்த மெல்லிய நீலப் பூச்சு. அது எந்த நீலம்?

நீலத்தில் என்ன பெரிய ஆராய்ச்சி என்று தோன்றலாம். ஆனால் ஒவ்வொரு நீலத்துக்கும் ஒரு பிறப்புச் சான்றிதழ் உண்டு. அவுரி நீலம் மிகப் பழையது; அதற்குத் தேதி சொல்ல முடியாது. பிரஷ்யன் நீலம் 1700-களின் முதல் பத்தாண்டில் பெர்லினில் பிறந்தது. அதுவும் ஒரு கைத்தவறில்! டீஸ்பாக் என்ற சாயக்காரர் சிவப்பு தயாரிக்கப் போனார். அவர் வாங்கிய பொட்டாஷில் விலங்குக் கொழுப்பு எண்ணெயின் கலப்படம் இருந்ததால் சிவப்புக்குப் பதிலாக ஆழ்ந்த நீலம் வந்து நின்றது என்பார்கள். கோபால்ட் நீலம் 1802-ல் வந்தது. செயற்கை அல்ட்ராமரைன் 1820-களின் கடைசியில். இன்றைக்கு பேனா மை முதல் சுவர் பெயின்ட் வரை எங்கும் இருக்கும் தாலோ நீலம் 1935-ல்தான் சந்தைக்கே வந்தது.

இப்போது யோசித்துப் பாருங்கள். '1800' என்று எழுதிய ஒரு வரைபடம். அதில் ஒரு குளம் நீலமாக இருக்கிறது. சோதித்தால் தாலோ நீலம். தாள் பழையதாகவே இருக்கலாம், எழுத்தும் பழையதாகவே இருக்கலாம். ஆனால் அந்தக் குளத்துக்கு வண்ணம் அடித்தவர் 1935-க்குப் பிறகு வாழ்ந்தவர். யார், எதற்காக அடித்தார் என்பது அடுத்த கேள்வி. நீர்நிலைப் புறம்போக்கு வழக்குகள் பழைய ஆவணங்களை நம்பி நடக்கும் நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை.

இந்த மாதிரி விசாரணைக்கு நன்றாகப் பொருந்துபவை ஜப்பானின் பழைய கிராம வரைபடங்கள். அங்கே 1603 முதல் 1868 வரை தோக்குகாவா வம்சத்தின் ஆட்சி. வரி, நெல்லாக. அதனால் எந்த ஊரில் எவ்வளவு வயல், எங்கே குளம், வாய்க்கால் எந்த வழியாகப் போகிறது என்பதெல்லாம் மேலே இருப்பவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும். ஊர்த் தலைவர் தன் கிராமத்தின் படத்தை வரைந்து அல்லது வரையச் செய்து கொடுப்பார். ஒரு நகல் அவர் வீட்டிலேயே இருக்கும். தண்ணீர்ப் பங்கீட்டிலும் புல் அறுக்கும் குன்றுகளிலும் இரண்டு ஊர்களுக்குத் தகராறு வந்தால் இந்தப் படங்கள்தான் பஞ்சாயத்துக்கு வரும். நம்மூர்க் கணக்குப்பிள்ளை வீட்டுப் பெட்டியைத் தெரிந்தவர்களுக்கு இந்தக் காட்சி ரொம்ப அந்நியமாக இருக்காது. ஆனால் ஜப்பானியப் படங்கள் பார்க்க ஓவியம் போலவே இருக்கும். மூலையில் சின்னச் சின்ன வண்ணக் கட்டங்கள் போட்டு, இது சாலை, இது ஆறு, இது வயல், இது மலை என்று எழுதியிருப்பார்கள்.

அந்த வண்ணங்களில் தமிழ்க் காதுக்குப் பழகிய சரக்குகள் பலவும் இருக்கின்றன. சிவப்புக்குப் பாதரசமும் கந்தகமும் சேர்ந்த சாதிலிங்கம், அல்லது ஈயத்தைச் சுட்டு எடுக்கும் ஈயச் செந்தூரம். மஞ்சளுக்கு அரிதாரம். ஆமாம், கோடம்பாக்கத்தில் நடிகர்கள் முகத்தில் பூசிக்கொண்ட அரிதாரத்துக்குப் பெயர் கொடுத்த அதே சரக்குதான். ஆர்சனிக் கலந்த கல் அது, விஷம். மஞ்சளுக்கு இன்னொரு வழி, கம்போஜ் என்ற மரப்பிசின். கம்போடியா நாட்டின் பெயரையே அது சுமந்துகொண்டிருக்கிறது. நீலத்துக்கு அவுரி. செடி நம்முடையது இல்லை, அவர்கள் ஊர்ச் செடி வேறு இனம். ஆனால் உள்ளே இருக்கும் நீலப்பொருள் ஒன்றே. விழுப்புரம் பக்கம் தொட்டியில் ஊறவைத்துக் கலக்கி எடுக்கிறார்களே, அதே நீலம்.

அவர்களிடம் இன்னொரு நீலமும் உண்டு. ஒரு பூவைப் பிழிந்து எடுப்பது. அழகாக இருக்கும், தண்ணீர் பட்டால் ஓடிவிடும். அதனால்தான் கியோட்டோவின் பட்டுக் கலைஞர்கள் துணியில் முதல் கோடு போட அதைப் பயன்படுத்தினார்கள். வேலை முடிந்ததும் அலசினால் கோடு காணாமல் போகும். பட்டுக்கு வசதி. அதே நீலத்தால் தீட்டிய ஓர் ஆறு ஒரு மழைக்கசிவில் வற்றிவிடும் என்பதுதான் சிக்கல்.

1820-களின் இறுதியில் டச்சு, சீனக் கப்பல்கள் வழியாக நாகசாகியில் வந்து இறங்கிய பிரஷ்யன் நீலம் விலை மலிந்தது. ஜப்பானியர்கள் அதை 'பெரோ' என்றார்கள். பெர்லின் என்பதுதான் அப்படித் தேய்ந்தது. ஹொகுசாய் 1831 வாக்கில் வெளியிட்ட பேரலை ஓவியத்தின் நீலம் அதுதான். அந்த ஓவியம் இன்று காபிக் கோப்பைகளில் வரை வந்துவிட்டது. ஆக, 1750 என்று தேதி போட்ட ஒரு கிராமத்துப் படத்தில் ஆறு முழுக்கப் பிரஷ்யன் நீலமாக இருந்தால், கையில் இருப்பது பின்னால் எடுத்த நகலோ என்ற சந்தேகம் நியாயமாகவே வரும். நகல் என்றால் பொய் என்று அர்த்தமில்லை. தாள் கிழிந்தால் படியெடுப்பது எல்லா ஊர் அலுவலகங்களிலும் நடப்பதுதான். ஆனால் படியெடுக்கும்போது எல்லைக்கோடு இரண்டு விரல்கடை நகர்ந்ததா என்று கேட்கும் உரிமை பக்கத்து ஊருக்கு உண்டல்லவா?

சரி, தாளைச் சுரண்டாமல் இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

ஹேர் டிரையர் அளவில் ஒரு கருவி இருக்கிறது. அதிலிருந்து எக்ஸ் கதிர் வண்ணத்தின் மீது படும். வண்ணத்தில் இருக்கும் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய கதிரைத் திருப்பி அனுப்பும். பாதரசம் பதில் சொன்னால் சாதிலிங்கம். ஈயம் என்றால் செந்தூரம். ஆர்சனிக் என்றால் அரிதாரம். இரும்பு என்றால் பிரஷ்யன் நீலமாக இருக்கலாம். 'இருக்கலாம்' என்பதைக் கவனிக்க வேண்டும். தாளிலேயே கொஞ்சம் இரும்பு இருக்கக்கூடும், காவியிலும் இரும்புதான். அவுரியோ வாயே திறக்காது. அது வெறும் கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன். இந்தக் கருவிக்கு எட்டாத அளவுக்கு இலேசான ஆட்கள்.

அங்கே அகச்சிவப்பு கேமரா கைகொடுக்கும். நம் கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும் இரண்டு நீலங்களையும் அதில் பார்த்தால் பிரஷ்யன் நீலம் கருத்து நிற்கும். அவுரி வெளுத்து மறைந்துவிடும். அதற்கும் மேல் சந்தேகம் என்றால் ராமன் நிறமாலை. திருச்சியில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சர் சி.வி.ராமன், 1928 பிப்ரவரி 28 அன்று கல்கத்தாவில் அறிவித்த அதே விளைவுதான். ஒளி ஒரு மூலக்கூறில் பட்டுச் சிதறும்போது அதன் ஒரு சிறு பங்கு நிறம் மாறி வரும். மாறும் விதம் மூலக்கூறுக்கு மூலக்கூறு வேறு. வண்ணத்தில் லேசர் புள்ளியை வைத்தால் அது தன் பெயரைச் சொல்லிவிடும். லேசரின் பலத்தை மட்டும் அளந்து வைக்க வேண்டும். கூடிப்போனால் வரைபடத்தில் ஓட்டை விழும்.

வண்ணத்தைக் கேள்வி கேட்கும் வேலை சென்னைக்குப் புதிதில்லை. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் வேதியியல் கூடத்தில் 1930-களில் எஸ்.பரமசிவன் என்ற வேதியியலாளர் இருந்தார். சித்தன்னவாசல், தஞ்சைப் பெரிய கோயில் ஓவியங்களின் சுதையையும் வண்ணத்தையும் சோதனைக் குழாய்க்கும் நுண்ணோக்கிக்கும் கொண்டுவந்தவர். பெரிய கோயிலில் நாயக்கர் காலத்து ஓவியத்துக்கு அடியில் சோழர் காலத்து ஓவியம் இருப்பதை 1931-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே.கோவிந்தசாமி கண்டறிந்திருந்தார். அதை எப்படித் தீட்டினார்கள் என்ற கேள்வியைப் பரமசிவன் எடுத்துக்கொண்டார். காவிச் சிவப்பு, காவி மஞ்சள், பச்சை மண், சுண்ணாம்பு வெள்ளை, கரி என்று நிறங்களைப் பிரித்தார். அதைவிட முக்கியமாக, நிறத்தைச் சுவரில் பிடித்துவைத்த பசை எது என்று தேடினார். பசை எதுவும் அகப்படவில்லை. அப்படியானால் சுதை ஈரமாக இருக்கும்போதே தீட்டியிருக்கிறார்கள், சுண்ணாம்பு இறுகும்போது நிறத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது என்று முடிவுக்கு வந்தார். 1936-ல் அது 'நேச்சர்' இதழில் வெளியானது. ஒரு நிறத்தின் பெயரைக் கண்டுபிடிப்பது பாதி வேலைதான், அது எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்பதுதான் மீதி என்று காட்டிய ஆய்வு அது. அவருக்கு அன்றைக்கு உண்மையான துணுக்குகள் தேவைப்பட்டன. இன்றைய கருவிகளுக்குத் துணுக்கும் வேண்டாம். அந்த அருங்காட்சியகம் இருக்கும் அதே எழும்பூரில்தான் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் இருக்கிறது.

சென்னையின் பழைய வரைபடங்களை இந்தக் கண்ணோடு பார்த்தால் என்னவெல்லாம் தெரியவரும்! நகரைச் சுற்றியிருந்த செங்கல்பட்டுச் சீமையின் கிராமங்களை 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு அளந்தார். 1794-ல் மைக்கேல் டாப்பிங் எட்டுப் பையன்களை வைத்து ஒரு நில அளவைப் பள்ளி தொடங்கினார். அதுதான் வளர்ந்து கிண்டி பொறியியல் கல்லூரியானது. டாப்பிங்கின் வான்நோக்கு நிலையம் இருந்தது நுங்கம்பாக்கத்தில். அதாவது ஏரிக்குப் பக்கத்திலேயே. கிட்டத்தட்ட அதே காலத்தில் லண்டனில் ரீவ்ஸ் நிறுவனம் தண்ணீரில் தொட்டுத் தீட்டும் வில்லை வண்ணங்களைச் செய்து கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றுக்கொண்டிருந்தது. அப்படியானால் ஏரிக்குப் பூசிய நீலம் பெட்டியில் கப்பலேறி வந்த பிரஷ்யன் நீலமா, இங்கேயே விளைந்து அங்கே ஏற்றுமதியான அவுரியா? ஓர் அகச்சிவப்பு புகைப்படம் போதும், விடை தெரிந்துவிடும். அளந்தவர்களின் பெயர் வரைபடத்தின் மூலையில் இருக்கும். வண்ணம் தீட்டிய கையின் பெயர் பெரும்பாலும் இருக்காது. அவர் விட்டுச்சென்ற ஒரே கையெழுத்து அந்த நீலம்.

ஒன்றை மட்டும் சொல்லிவிட வேண்டும். வண்ணம் 'இதற்கு முன்பு இல்லை' என்று சொல்லும். 'இதற்குப் பின்பு இல்லை' என்று சொல்லாது. அவுரி இருக்கிறது என்பதால் வரைபடம் பழையதாகிவிடாது. இன்றைக்கும் அவுரி கிடைக்கிறது. நீலம் இருக்கிறது என்பதால் அந்த இடத்தில் வருடம் முழுக்கத் தண்ணீர் நின்றது என்றும் ஆகிவிடாது. நம் ஏரிகள் சித்திரையில் கட்டாந்தரையாகக் கிடந்தவைதான். வண்ணத்தை ஒரு சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக அல்ல.

அந்தச் சாட்சி எவ்வளவு நாள் உயிரோடு இருக்கும் என்பதும் அந்தச் சரக்கைப் பொறுத்ததுதான். அவுரி வெளிச்சத்தில் வெளுக்கும். அவுரியும் மஞ்சளும் கலந்து பச்சை ஆக்கிய மலைகள், மஞ்சள் முதலில் வெளுத்தால் நீல மலைகளாகிவிடும். பார்ப்பவர் அதை ஏரி என்று நினைத்தாலும் ஆச்சரியமில்லை. ஈயச் செந்தூரத்தில் போட்ட சாலைகள் காற்றில் கந்தகப் புகை பட்டால் கருக்கும். எல்லாவற்றையும் விடக் கொடியது செம்புப் பச்சை. அது தாளையே தின்னும். ஜப்பானிய வரைபடங்கள் சிலவற்றில் பச்சை தீட்டிய இடம் மட்டும் பழுப்பேறி, பொடிந்து, மலை இருந்த இடத்தில் ஓட்டை விழுவதுண்டு. பாண்ட் காகிதத்தை விட உறுதியான, மரப்பட்டை நாரில் செய்த தாள் அது; அதற்கே இந்த கதி. எது என்ன வண்ணம் என்று முன்பே தெரிந்திருந்தால்தான் எதற்கு ஈரம் ஆகாது, எதற்கு வெளிச்சம் ஆகாது என்று பிரித்து வைக்க முடியும்.

இதெல்லாம் காப்பகத்துக்கு மட்டும் உரிய கவலை என்று நினைக்க வேண்டாம். ஊரில் பாட்டனார் காலத்து நிலப்படமோ, வண்ணம் போட்ட பாகப்பிரிவினைப் படமோ பல வீடுகளின் இரும்பு பீரோவில் மடித்துக் கிடக்கிறது. அதை லேமினேட் செய்துவிட்டால் பத்திரம் என்று நினைப்பது பெரிய தப்பு. சூடு ஒரு பக்கம் வண்ணத்தைக் கெடுக்கும். பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்கவும் முடியாது. கிழிந்த இடத்தில் செலோ டேப் ஒட்டினால் சில வருடங்களில் பசை மஞ்சளாகி எண்ணெய் போலத் தாளுக்குள் இறங்கும். ஈரத்துணியால் தூசு துடைப்பதோ, சட்டம் போட்டு வெயில் படும் சுவரில் மாட்டுவதோ வேண்டவே வேண்டாம். மடிப்பை மெதுவாகப் பிரித்து, வெளுத்த பருத்தித் துணிக்கும் தரமான வெள்ளைத் தாளுக்கும் நடுவே தட்டையாக வைத்து, ஃப்ளாஷ் போடாமல் பகல் நிழலில் போனில் இரண்டு படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம். பிறகு பேரப்பிள்ளைகள் பார்க்கக் கேட்டால் முதலில் போனில் உள்ள படத்தைக் காட்டுங்கள்.